நாலாவது ட்ராக்

1989 ஜூன் 4, ஞாயிறு

கோவில்பட்டியின் சரித்திரத்தில் இதுவரை இரண்டே இரண்டு சம்பவங்கள்தான் நடந்திருக்கின்றன. ஒன்று, ரயில் வந்தது. மற்றது, இன்று காலை பத்தரை மணிக்கு என் கடைக்கு நாலு ட்ராக் பெட்டி வந்தது. மூன்றாவதாக ஒன்று நடக்க இந்த ஊர் இன்னும் நூறு வருஷம் காத்திருக்க வேண்டும்.

கப்பலில் வேலை பார்க்கும் சிநேகிதன் சிங்கப்பூரில் பிடித்து, பனியன்களுக்கு நடுவில் சுற்றி, ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தான். பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க ஒளி பரவியது.

"அது நான் சன்னலத் தொறந்தது" என்றாள் பிச்சம்மாள். என் மனைவிக்குக் காவிய உணர்ச்சி கம்மி.

என் சாம்ராஜ்யத்தின் பெயர் நாதசாகரம் ரெக்கார்டிங் சென்டர். பத்தடிக்கு எட்டடி. ஜனங்கள் பாட்டுப் பட்டியலோடு வருவார்கள், நான் கேசட்டில் நிரப்பித் தருவேன். பத்து வருஷத்தில் என் கையை விட்டுப் போன எந்தக் கேசட்டிலும் ஒரு விரற்கடை நாடா காலியாக இருந்ததில்லை. கடைசிப் பாட்டு முடிந்து அரை நிமிஷம் மிஞ்சினாலும் அதில் ஒரு வீணைத் துண்டையாவது சொருகிவிடுவேன். அறுபது நிமிஷக் கேசட் என்றால் அறுபது நிமிஷமும் சத்தம். இது ஆவுடையப்பனின் தொழில் தர்மம்.

சாதாரண டேப்பில் எல்லாச் சத்தமும் ஒரே ஓட்டமாக விழும். இந்தப் பெட்டியிலோ நாடாவின் அகலத்தை நாலு வாய்க்காலாக வெட்டியிருக்கிறான் ஜப்பான்காரன். ஒன்றில் குரல், அடுத்ததில் ஆர்மோனியம், இன்னொன்றில் தாளம் என்று ஒன்றையொன்று அழிக்காமல் தனித்தனியாகப் பதியலாம். நாலும் நிரம்பிவிட்டால்? அதற்குத்தான் பவுன்ஸ் என்ற மகா மந்திரம். முதல் மூன்று ட்ராக்கில் இருப்பதைக் கலந்து நாலாவதில் கொட்டிவிட வேண்டியது. உடனே அந்த மூன்றும் விளைச்சலுக்குத் தயாரான நிலம்! புதிதாக மூன்று பதியலாம். ஒற்றை ஆளாக உட்கார்ந்து அறுபது பேர் கச்சேரி நடத்தலாம்.

குறிப்புப் புத்தகத்தில் பவுன்ஸ் பகுதிக்குக் கீழே கறுப்புக் கட்டம் போட்டு நாலு வரி இங்கிலீஷ் இருக்கிறது. கட்டம் போட்டால் மிரட்டல் என்று அர்த்தம். மிரட்டலுக்கு அஞ்சுகிற பரம்பரை அல்ல என்னுடையது. படிக்கவில்லை.

அண்ணன் மகள் செண்பகவல்லிக்குப் பொங்கலிலிருந்து தொண்டை கட்டியிருக்கிறது. நாளைக்கு மதுரையில் காட்டப் போகிறார்கள். பனங்கற்கண்டு போதும் என்று நான் ஜனவரியிலேயே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 7, புதன்

மதுரையில் தொண்டையிலிருந்து சதை எடுத்திருக்கிறார்களாம். முடிவு வர நாலு நாள். பிச்சம்மாள் சாப்பிடவில்லை. நான் இருவருக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

புற்று. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். 28ஆம் தேதி ஆப்பரேஷன். அதற்குப் பிறகு கழுத்தில் வைக்கிற துவாரம் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது.

இதை எழுதிவிட்டு வெளியே போய்க் கடைப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். தூசி.

செண்பகவல்லி டிரங்க் எக்சேஞ்சில் ஆப்பரேட்டர். இந்த ஊரிலிருந்து மெட்ராசுக்கு யார் பேச வேண்டுமென்றாலும் அவளுடைய தொண்டை வழியாகத்தான் போக வேண்டும். பிரதம மந்திரியே கோவில்பட்டிக்குப் பேசினாலும் "லைன்ல இருங்க" என்று அவள் சொன்னால் இருக்கத்தான் வேண்டும். அவள் புருஷன் பூவலிங்கம் பஞ்சாலையில் டெலிபோன் போர்டு பார்க்கிறார். இரண்டு வயதில் அம்மை போட்டுக் கண் போனவர். கம்பி வழியாகப் பழக்கமாகி, நாலு வருஷம் குரலும் குரலுமாகவே இருந்து, பிறகு பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தியதும் மாப்பிள்ளை, "பேசச் சொல்லுங்க, பாத்துக்கிடுதேன்" என்றார். சபையில் சிரிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான். பிள்ளை குட்டி இல்லை. இருவரும் வீட்டில் பேசிக்கொண்டே இருப்பார்கள். வானொலிகூட அவர்கள் வீட்டில் தானாக வாய் மூடிக்கொள்ளும்.

சாயங்காலம் அவளே வந்தாள். குரல் மணலில் நடப்பதுபோல் கரகரவென்று இருந்தது.

"சித்தப்பா, ஒண்ணு கேப்பேன். செய்வீகளா?"

"அண்டசராசரத்தையும் செய்வேன் தாயி, சொல்லு."

"அண்டமெல்லாம் வேண்டாம். ஒரு கேசட்டு. நான் பேசி அவுகளுக்குக் குடுக்கணும். அவுகளுக்கு என் மொகம் அதுதான?"

"ஒரு காவியமே பண்ணிருவோம்! ஆர்மோனியம், புல்புல்தாரா..."

"சித்தப்பா." அவள் என் கையைப் பிடித்தாள். "வெறும் பேச்சுத்தான். ஒண்ணும் சேக்காதீக."

ஆகட்டும் என்றேன். கலைஞனின் ஆகட்டும் வேறு, கணக்கப்பிள்ளையின் ஆகட்டும் வேறு.

ஜூன் 14, புதன்

மத்தியானம் இரண்டு மணிக்குப் பதிவு. பின்னறையில் எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டையும் சாக்கும் அடித்து, காற்றாடியை நிறுத்தி, பல்லி உட்பட அனைவருக்கும் மௌன விரதம் விதித்தேன். நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் அமர்ந்தேன்.

விக்கிரமாதித்தன் கதையையாவது ஆரம்பிப்பாள் என்று பார்த்தால், மைக்கை டெலிபோன் மாதிரி வாயருகில் சரித்துக்கொண்டு, "என்னங்க, சாப்டாச்சா?" என்றாள்.

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள். கடிகாரத்தில் ஆறு விநாடி ஓடியது.

"என்ன கொழம்பு?"

மறுபடி நாலு விநாடி.

"அது நேத்து வச்சதுல்லா? சுட வச்சுக்கிட வேண்டியதுதான?"

இப்படியே அரை மணி நேரம். மழை வருமா, செருப்பு தைத்து வந்ததா, கொடியில் துணி காய்கிறதா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஒரு பள்ளம். நடுவே ஒரு இடத்தில் சும்மா இருந்து, பிறகு தானாகச் சிரித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், மூச்சு வாங்குகிறது. அதைத்தான் மறைக்கிறாள்.

மொத்த நாடாவில் பாதிக்கு மேல் வெறும் நிசப்தம். எனக்கு உள்ளங்கை அரித்தது.

ஜூன் 16, வெள்ளி

மீதியையும் பதிந்தாயிற்று. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் அவள் கலங்காமல், விட்ட சொல்லிலிருந்து பிடித்தாள். குரல் இன்றைக்கு இன்னும் இறங்கியிருந்தது. கடைசிப் பகுதி ஓடும்போது என் மனதில் ஒரு பிரம்மாண்டமான முடிவு இசை தோன்றிவிட்டது. தொடையில் தாளம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும் ஏதோ ஒரு வாக்கியம் சொல்லி முடித்தாள்.

"முடிஞ்சுது சித்தப்பா. அப்படியே வச்சிருங்க. முதுகுல இருக்க காதையும் ஒடச்சிருங்க."

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. வாங்கிப் போகிற ஒவ்வொருத்தருக்கும் நான் தேய்ந்த ரிக்கார்டு மாதிரி சொல்லுகிற உபதேசம்தான். எனக்கே சொல்லுகிறாள்!

"ஒடச்சாச்சுன்னு வச்சுக்க" என்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

நாடாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிச்சம்மாள் காப்பியோடு வந்து நின்று கேட்டாள். இரண்டு நிமிஷம் கேட்டிருப்பாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எவ்வளவு நல்லாருக்கு. பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி."

"நல்லாருக்கா? ஓட்டைச் சட்டியா இருக்கு! இதைக் கொண்டுபோய் மாப்பிள்ளை கையில குடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? நாலு ட்ராக்ல மூணு சும்மா கிடக்கு."

"உங்களப் பத்தி நினைக்கதுக்கா அந்தப் புள்ள பேசிருக்கா?"

"உனக்குச் சங்கீதம் தெரியாது."

"எனக்குச் செம்பகத்தைத் தெரியும். அது சொன்னதை மட்டும் செய்ங்க. உங்க ஆர்மோனியத்துக்கு வேற சாவு வீடு பாத்துக்கிடலாம்."

அவள் வாயில் சனி. இருந்தாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். முதலில் இன்னொரு நாடாவில் பிரதி எடுத்து வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சிங்கம் பிரதி எடுத்து வைத்துக்கொண்டா வேட்டைக்குப் போகிறது?

ஜூன் 20, செவ்வாய்

இரண்டாவது ட்ராக்கில் ஆர்மோனியம். அவள் பேசும்போது பூனை நடை, நிறுத்துகிற இடத்திலெல்லாம் புலிப் பாய்ச்சல். ஒரு பள்ளம் விடவில்லை. மூன்றாவதில் கட்டையை அமுக்கித் தந்தியை மீட்டுகிற புல்புல்தாரா. கந்தர்வர்கள் கூட்டமாக வந்து சாக்குக்குப் பின்னால் ஒளிந்து கேட்டார்கள். முட்டை அட்டை அசைந்ததை நானே பார்த்தேன்.

ஜூன் 22, வியாழன்

பவுன்ஸ்!

குரல், ஆர்மோனியம், புல்புல்தாரா மூன்றையும் விரல் நுனியில் அளந்து அளந்து நாலாவது ட்ராக்கில் கொட்டினேன். முக்கால் மணி நேரம் மூச்சு விடவில்லை. மூன்று நதி கூடுகிற இடத்துக்குப் பிரயாகை வரை போக வேண்டியதில்லை, மார்க்கெட் ரோட்டில் என் கடைக்கு வந்தால் போதும்.

பிறகு காலியான மூன்றிலும் புதுப் பயிர். ஒன்றாவதில் ஜால்ரா, இரண்டாவதில் கஞ்சிரா, மூன்றாவதில் சங்கு. செண்பகவல்லி இருந்த ஒன்றாவது ட்ராக்கில் இப்போது ஜால்ரா இருக்கிறது என்று எழுதும்போது ஏனோ பேனா சற்று நின்றது. மை உறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சாதாரணக் கேசட்டுக்கு மாற்றினேன். அட்டையில் சிவப்பு மையில் எழுதினேன்: "செண்பகத்தின் குரலமுதம். இசை வார்ப்பு: ஆவுடையப்பன்." என் பெயர் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. இடம் இருந்தது.

ஜூன் 25, ஞாயிறு

வழியனுப்பப் போனேன். செண்பகவல்லிக்குக் குரல் அடியோடு போய்விட்டது. வாயசைத்தால் காற்று மட்டும் வருகிறது. டாக்டர் பேசவே கூடாது என்றிருக்கிறாராம். மடியில் ஒரு பிளாஸ்டிக் சிலேட்டு வைத்திருந்தாள். "கேசட் கேக்கலாமா?" என்று எழுதிக் காட்டினாள்.

"இப்ப வேண்டாம் தாயி. திரும்பி வந்ததும் ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் போட்டுக் காட்டுதேன். மெரண்டு போவீக."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "காதை ஒடச்சீகளா?" என்று எழுதினாள்.

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று ஞாபகமில்லை.

ஜூன் 28, புதன்

மதுரைக்குப் போகவில்லை. கடையில் வேலை முதுகை முறித்தது. மொத்தம் ஒரு ஆள் வந்தான், பேனா கேட்டு.

ஜூலை 2, ஞாயிறு

பிச்சம்மாள் மதுரையிலிருந்து வந்தாள். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். உயிருக்குப் பயமில்லை. "கழுத்துல ஓட்டை. அதுல ஒரு வெள்ளிக் குழாய். மூச்சு விட்டா விசில் மாதிரி வருது" என்றாள். "பூவலிங்கம் ராப்பகலா அந்தப் புள்ள கையைப் பிடிச்சிக்கிட்டே இருக்காரு. கையை விட்டுட்டா இருக்காளா இல்லையான்னு தெரியலன்னுட்டாரு."

நான் வெற்றிலையைக் காம்பு கிள்ளாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

அரங்கேற்றம். பூவலிங்கம் வீட்டில் என் டேப்ரிக்கார்டரோடு இறங்கினேன். செண்பகவல்லி கழுத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சலவை வேட்டி கட்டி, முகம் மழித்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தார். கேசட்டை ஓட விட்டேன். இருவரும் பேச்சிழந்து போனார்கள். ஐந்தே நிமிஷத்தில் உணர்ச்சிப் பெருக்கால் நிறுத்தும்படி ஆகிவிட்டது. மிச்சத்தைத் தனியாக ரசிப்பார்கள். கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

நேற்று எழுதியதில் சில விவரங்கள் விட்டுப்போயின.

"என்னங்க, சாப்டாச்சா?" என்று குரல் வந்ததும் பூவலிங்கத்தின் முகம் அப்படியே திறந்தது. டேப்ரிக்கார்டரை நோக்கிக் குனிந்து, "ஆச்சு செம்பகம், இப்பத்தான்..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் என் ஆர்மோனியம் பாய்ந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். "என்ன கொழம்பு?" என்று வந்தது. "பருப்பு..." என்றார். புல்புல்தாராவும் ஜால்ராவும் சேர்ந்து விழுந்தன. மூன்றாவது தடவை அவர் முயற்சி செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

நிறுத்தியது செண்பகவல்லி. எழுந்து வந்து பட்டனை அழுத்தினாள். என்னைப் பார்த்தாள். கழுத்துத் துணிக்குள்ளிருந்து விசில் வேகவேகமாக வந்தது.

ஜூலை 12, புதன்

காலையில் மாப்பிள்ளை குச்சியைத் தட்டிக்கொண்டு தனியாகக் கடைக்கு வந்தார்.

"மாமா, அந்தப் பெட்டி எங்க இருக்கு? கை வைக்கணும்."

கையைப் பிடித்து வைத்தேன். நாலு ட்ராக்குக்கும் நாலு தள்ளுகோல் உண்டு, மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். விரலால் நாலையும் தடவிப் பார்த்தார்.

"இதுல செம்பகம் எது?"

"நாலாவது."

"ஓட விடுங்க. மத்ததை இறக்குங்க."

ஜால்ராவை இறக்கினேன். போனது. கஞ்சிராவை இறக்கினேன். போனது. சங்கும் போனது. அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"இப்ப ஆர்மோனியத்தை இறக்குங்க."

"மாப்ள, ஆர்மோனியம்ங்கது ஒரு சமுத்திரம். அதை வந்து..."

"இறக்குங்க மாமா."

"அது தனியா இல்ல மாப்ள. புல்புல்தாராவும் அப்படித்தான். அவ குரலோட கலந்து ஒரே ட்ராக்குல கொட்டிட்டேன். தனியா இருந்த குரல் மேல வேற பதிஞ்சாச்சு."

"கொட்டினதை அள்ள முடியாதா?"

"முடியாது."

என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் பதில் சொன்னதில்லை.

அவர் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே என் ஆர்மோனியத்தைக் கேட்கச் சகிக்கவில்லை.

"டிரங்க் கால்ல ஒருத்தர் பேசி முடிச்சா கொஞ்சம் விடணும் மாமா. அந்தப் பக்கத்துச் சத்தம் வந்து சேரணும்ல. நாங்க ரெண்டு பேரும் பேசிப் பழகினதே அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகதுக்கு முந்தி சொன்னா. 'ஒங்களுக்கு எடம் விட்டுப் பேசிருக்கேன். தெனம் போட்டுப் பதில் சொல்லுங்க. ஒரே பதிலச் சொல்லணும்னு இல்ல, அன்னன்னைக்கு என்ன கொழம்போ அதச் சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்'னா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே மாப்ள."

"புருசன் பொஞ்சாதி பேசிக்கிடதுக்கு எடம் விட்டுருக்கேன்னு சித்தப்பாகிட்ட எப்படி மாமா சொல்லுவா? ஒண்ணும் சேக்காதீகன்னுதான் சொல்ல முடியும்."

அதைச் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள்.

ஜூலை 15, சனி

மூன்று நாளாகக் கடை அடைப்பு. நாலாவது ட்ராக்கை வைத்துக்கொண்டு எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கீழ்ச்சத்தத்தைக் குறைத்தால் ஆர்மோனியம் மெலிகிறது, செண்பகவல்லியும் மெலிகிறாள். மேல்சத்தத்தைக் குறைத்தால் புல்புல்தாரா மங்குகிறது, அவள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாள். எதை வெட்டினாலும் அவளும் சேர்ந்து வெட்டுப்படுகிறாள். பள்ளங்களில் மட்டும் சத்தத்தை அடியோடு இறக்கி ஒரு பிரதி எடுத்தேன். அது இன்னும் மோசம். சொல்லின் வால் அறுந்து போகிறது, அவள் சிரித்த சிரிப்பு பாதியில் நிற்கிறது. கழுத்தை நெரித்ததுபோல.

அகராதியை வைத்துக்கொண்டு கறுப்புக் கட்டத்தைப் படித்தேன். "கொட்டுவதற்கு முன் கலவையைக் கேட்டுச் சரிபார்க்கவும். பழைய ட்ராக்குகளில் புதிதாகப் பதிந்தபின் எதையும் தனியாகப் பிரிக்க இயலாது." மிரட்டல் இல்லை. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான்.

ஜூலை 19, புதன்

பிச்சம்மாள் பதினேழாவது தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

மாப்பிள்ளை ஆள் விட்டிருந்தார். நாலரை மணிக்குப் போனேன். அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. செண்பகவல்லி அவருக்கு இடது பக்கம் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். அவருக்கு வலது பக்கம் எனக்கு ஸ்டூல் போட்டிருந்தது.

"தெனம் கேக்கேன் மாமா" என்றார் பூவலிங்கம். "உங்க வாத்தியத்துக்கு மேல நானும் சத்தம் போட்டுப் பதில் சொல்லிப் பாத்தேன். பக்கத்து வீட்டுல சண்டைன்னு நினைச்சு வந்துட்டாக. சரி, அது போகட்டும். கடைசில அவ ஒண்ணு கேக்கா. நீங்க ஆர்மோனியத்தை உச்சிக்குக் கொண்டுபோற எடம். கேள்விதான், கொரல் மேல ஏறி முடியுது. வார்த்தை மட்டும் பிடிபட மாட்டேங்குது. பதியும்போது காதுல கருவி மாட்டி வெறும் கொரலைக் கேட்ட ஒரே ஆளு நீங்கதான். என்ன கேட்டா?"

நான் யோசித்தேன். முட்டை அட்டை ஞாபகம் வந்தது, தொடையில் போட்ட தாளம் ஞாபகம் வந்தது. எட்டாவது எண்ணிக்கையில் சுருதி ஏற வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. இந்த நோட்டைப் பிரித்து ஜூன் 16ஐக்கூட மனதுக்குள் பார்த்தேன். ஏதோ ஒரு வாக்கியம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"ஞாபகமில்ல மாப்ள. நான் கேக்கல."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"செம்பகத்துக்கிட்ட எழுதி வாங்கி வாசிங்க. எனக்குத் தடவிப் படிக்க புள்ளி எழுத்துத்தான் தெரியும், அவளுக்கு அது தெரியாது. வேற ஆளக் கூப்பிட எனக்கு மனசில்ல."

செண்பகவல்லி சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். எழுத மாட்டாள் என்று நினைத்தேன். மாட்டாள் என்றால் அது நியாயம். பிறகு சிலேட்டுக் குச்சியை எடுத்து எழுதி, புருஷன் முன்னால் கையை நீட்டி என்னிடம் கொடுத்தாள். ஒரே வரி.

வாசித்தேன். வாய் திறந்ததும் பழக்க தோஷத்தில் "அதாவது என்ன கேக்கான்னா மாப்ள..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"மாமா. உள்ளத மட்டும். முன்னால பின்னால ஒண்ணும் வேண்டாம்."

உள்ளதை மட்டும் வாசித்தேன்.

"இது நான்தான்னு தெரியுதா?"

வாசித்துவிட்டு நிறுத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விசில் மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது. இருமல் வந்தது, அடக்கினேன். ஒன்பது வரை எண்ணினேன்.

"தெரியுது செம்பகம்" என்றார்.

குரல் வந்த திசைக்குத் திரும்பித்தான் சொன்னார். முகம் முழுக்க என் பக்கம் இருந்தது. மறுபக்கத்தில் செண்பகவல்லி அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செருப்பில்லாத காலை ஓசைப்படாமல் எடுத்து வைத்து, சுற்றிப் போய், அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, அவள் காதளவுக்கு என் வாயைக் கொண்டுவந்து, அங்கேயிருந்து இன்னொரு தடவை வாசித்தேன்.